சந்தை கலையும் நேரத்து மச்சான்

என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர், அதாவது என் மச்சான், ஒருநாளும் காலையில் சந்தைக்குப் போனதில்லை. காலையில் போகிறவனெல்லாம் அவருக்கு மடையன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, சைக்கிள் ஹேண்டிலில் ஓர் உரப்பையை மாட்டிக்கொண்டு, கல்முனைச் சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போவார். சொறிக்கல்முனைப் பக்கமிருந்து கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவந்து விற்கிற பெண்களுக்கு ஊர் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது, அவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். பிறகு போய், மிஞ்சிக் கிடக்கும் குவியலைக் காலால் காட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்வார். அவர்கள் திட்டிக்கொண்டே பைக்குள் கொட்டுவார்கள். ஒருத்தி மட்டும் ஒருநாள், "ஒனக்குத் தாறதவிட எண்ட மாட்டுக்குப் போடுவன்" என்று சொல்லிக் கீரைக்கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். அதையும் வீட்டுக்கு வந்து அவரேதான் சொன்னார். "கெட்டிக்காரி" என்று மெச்சவும் செய்தார். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அன்று நான் குசினி அடுப்பின் முன்னால் நின்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன்.

மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லதையும் சொல்லத்தான் போகிறேன், இடையிடையே. ஆனால் நல்ல மனதோடு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். பெற்றவர்கள் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவார்கள். வாப்பா அதற்கு முதலே மௌத்து. அதனால் மச்சான் வந்தபோது உம்மாவும் நானும்தான் பின்னறைக்குப் போனோம். அந்தக் காலத்தில் மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கும் வழக்கமும் கிடையாது. உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பார். வேண்டியதை ராத்தாவிடம் சொல்வார், ராத்தா மச்சானிடம் சொல்வார். சந்தைக்கும் கடைக்கும் போவது ஆண்களின் வேலை. ஆக, தான் மண் சுமந்து கட்டிய குசினியில் உம்மாவுக்கு நாலு செத்தல் மிளகாய் கூடுதலாக வேண்டுமென்றாலும், அந்த மனிதரின் மனம் இரங்கியாக வேண்டும்.

இரங்காது. எதற்கும் அவர் சொல்லும் ஒரே சொல் "காணும்". போதும் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தட்டில் சோறு விழும்போது காணும். சீனிப் பேணிக்குள் கரண்டி போகும்போதே காணும். பாண் துண்டில் பட்டர் தொடுவதற்கு முதலே காணும். அரிசி, சீனி, பால்மா, தேங்காய் எல்லாம் அலுமாரிக்குள். அலுமாரிச் சாவி அவருடைய சாரன் மடிப்புக்குள். அரசாங்க உத்தியோகம் அவருக்கு, மாதம் பிறந்தால் சம்பளம். இல்லாமையால் வந்த சிக்கனம் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மிச்சம் பிடிப்பதே அந்த மனிதருக்கு ருசி. சாப்பாட்டில் அவர் வேறு ருசி கண்டதாக எனக்கு நினைவில்லை.

மீன் வாங்குவதும் அப்படித்தான். பாரையும் விளைமீனும் அவர் பைக்குள் வந்ததே கிடையாது. கீரிமீன், சூடை, அதுவும் வயிறு கலங்கத் தொடங்கிய பிறகு. தலையைத் தனியே எடுத்துச் சொதி, நடுத்துண்டில் ஆணம் என்கிற குழம்பு, முள்ளைத் தட்டிப் போட்டு இரவைக்கு ஒரு ரசம். எங்கள் வீட்டுப் பூனை ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வளவுக்குக் குடிபோய்விட்டது. பூசணித் தோலில் சம்பல், பலாக்கொட்டையில் பிரட்டல், முள்ளங்கி இலையில் சுண்டல், எல்லாம் அவர் சொல்லித்தான் ராத்தா ஆக்குவார். சோறு பாதி வெந்ததும் மச்சானே வந்து அடுப்பை அணைத்து, பானையைச் சாக்கால் மூடி வைப்பார். தன் சூட்டிலேயே வெந்துவிடும். வெந்தும்விடும். அதுதான் எனக்கு அதைவிட எரிச்சல்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தனக்கென்று ஒரு துண்டு மீனைக்கூட அவர் ஒதுக்கி வைத்ததில்லை. எல்லோருக்கும் பிறகு உட்கார்ந்து, எல்லோரையும்விடக் குறைவாகத் தின்றுவிட்டு எழும்புவார். வெளியே கடையில் ஒரு தேத்தண்ணி குடித்ததும் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அதற்கும் அந்த மனிதர் இடம் வைக்கவில்லை.

உம்மாவின் கைக்கு ஒரு பெயர் இருந்தது. அது பாலாணம். தேங்காயைத் திருவி, முதல் பிழிவில் வருகிற தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கும் கத்தரிக்காய்ப் பாலாணம். சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அந்த ஒரு சட்டிக்கு மட்டும் உம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். மச்சான் வந்த பிறகு ஒரு தேங்காய் இரண்டு நாளைக்கு என்றாயிற்று. ஒரு பாதியைத் திருவினால் மறுபாதிக்கு உப்புத் தடவி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். திருவிய தேங்காய்ப்பூவை மூன்று தரம் பிழிந்து, வெள்ளைத் தண்ணீரில் ஆணம் காய்ச்சினோம். உம்மா கல்யாண வீடுகளுக்கு மட்டும் கொஞ்சம் நேரத்தோடே புறப்பட்டுப் போனார்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் உம்மா படுக்கையில் விழுந்தார். வயிற்றில் வருத்தம். சோறு இறங்கவில்லை. ஒருநாள் முற்பகல் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மகள், ஒரே ஒரு நாளைக்கி, தலப்பால் உட்டு ஒரு பாலாணம் ஆக்கித் தருவயா? வாயெல்லாம் கைக்கிது."

அன்று மச்சான் லீவில் வீட்டில் நின்றார். ராத்தா சாவி கேட்டு வாங்கித் தேங்காயை எடுத்துத் தந்தார். நான் உடைத்து ஒரு பாதியைத் திருவி முடித்து மறுபாதியைக் கையில் எடுக்கும்போது குசினி வாசலில் மச்சான்.

"ரெண்டு பாதியுமா? நாளைக்கி என்ன, செரட்டயத் திருவுறயா?"

"உம்மாக்குத் தலப்பால் வேணுமாம் மச்சான். ஒரு பாதிப் பூவில அவ்வளவு வராது."

"சுகமில்லாத ஆளுக்குத் தலப்பால் செமிக்காது புள்ள. ஒரு பாதி காணும்."

என் கையிலிருந்த பாதியை அவரே எடுத்தார். உப்புத் தடவினார். உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டினார். கத்தவில்லை, முறைக்கவில்லை. ராத்தா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுத்த வீட்டில் ஒரு தேங்காய் வாங்கி வரலாம் என்று முக்காட்டை எடுத்தேன். பின்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணா மகள். அடுத்த வளவுக்காரி என்ன நினைப்பா? மருமகன்ட மரியாத போயிரும்."

அந்தப் பாலாணத்தில் உம்மா இரண்டு வாய் தின்றார். "நல்லா இரிக்கி மகள்" என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலும் மணத்திலேயே பிடித்துவிடுகிற மனுஷி. அடுத்த வெள்ளிக்கிழமை மௌத்தாகிவிட்டார்.

நாற்பதாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அதுவரை மார்க்கத்தில் பெரிய கேள்விகள் கேட்டு அறியாத மச்சான், இதெல்லாம் நமது மார்க்கத்தில் உண்டா என்று ஊர் முழுக்க விசாரித்துப் பார்த்தார். சொந்தக்காரர்கள் விடவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டு, சாமான் வாங்கும் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார்.

எங்கள் விருந்துகளில் சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகத் தின்பார்கள். ஆறு என்பது யாரும் எழுதிவைத்த சட்டம் அல்ல, எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. அன்று எங்கள் வீட்டில் மச்சான் ஒரு சஹனுக்கு ஏழு பேரை உட்கார்த்தினார். தானே நின்று, "கொஞ்சம் நெருங்கி இரிங்க, கொஞ்சம் நெருங்கி" என்று ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் ஆளைச் செருகினார். முழங்கால்கள் இடித்தன, வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். குறுணல் கலந்த அரிசி, எலும்பு கூடின இறைச்சி. அப்படியும் கடைசிப் பந்திக்குச் சோறு எட்டவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் வேறு யாருமில்லை, பொத்துவிலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த என் சாச்சியின் குடும்பம். உம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

சாச்சி சத்தம் போடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"எண்ட ராத்தாட வாசல்ல இருந்து பசியோட எறங்கிப் போற முதல் ஆக்கள் நாங்கதான் மகள்."

அன்று மாலை முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய சட்டிகளை மச்சான் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, முகம் நிறைந்த சந்தோஷத்தோடு, "பாத்தயளா? ஒரு மணிச் சோறு மிஞ்சல்ல" என்றார். நான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். இந்த மனிதருக்கு என் கையால் ஒன்று செய்யாமல் விடுவதில்லை என்று அந்த முற்றத்தில் நின்றுதான் முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தேனே தவிர, செய்ய ஒரு வழியும் வரவில்லை. வயலை விற்றுச் சாய்ந்தமருதில் எனக்கொரு சின்ன வீடு கட்டினார்கள், கல்யாணமும் நடந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு நான் வீட்டில் சோறு சமைத்துப் பார்சல் கட்டி, கல்முனையில் இருக்கிற அலுவலகங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். விலைவாசி தலைக்கேறி, கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் வந்தது. மச்சானுக்கு அது பெருநாள் மாதிரி. பள்ளிவாசல் படியில் அவரைச் சுற்றி ஆட்கள். எதை ஊறவைத்தால் எத்தனை நிமிடம் மிச்சம், பால்மா இல்லாமல் என்ன செய்யலாம், எந்த மீனை எந்த நேரம் வாங்கலாம் என்றெல்லாம் விளக்கம் கேட்டார்கள். முன்பு அவரைக் கஞ்சன் என்று சிரித்தவர்களே "அவருட்டக் கேளுங்க" என்று ஆள் அனுப்பினார்கள். நானும் என் குசினியில் பருப்பை முதல்நாளே ஊறவைத்து, சோற்றைப் பாதியில் இறக்கிச் சாக்கால் மூடினேன். இல்லாவிட்டால் பார்சல் கட்டுப்படியாகாது. யாரிடம் கற்ற வித்தை என்று நினைவு வரும்போதெல்லாம், வேண்டுமென்றே அடுப்பை ஒரு திருகு கூடுதலாகத் திருகிவிடுவேன்.

அந்தக் காலத்துக்குப் பிறகு மச்சானுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிள் மூலையில் சாய்ந்தது. ராத்தா முச்சக்கரவண்டி பிடித்துத் தானே சந்தைக்குப் போகத் தொடங்கினார், அலுமாரிச் சாவியும் மெல்ல அவர் கைக்கு வந்தது. விரும்பிய மீனை விரும்பிய நேரம் வாங்கினார். கன்னத்தில் சதை பிடித்தது. ஒருநாள் போனபோது ராத்தா குசினியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நின்றார். நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. என் கண் முழுக்க அந்த மனிதர் மேலேயே இருந்தது.

அப்போதுதான் அவர்களுடைய ஒரே மகளுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். மச்சானே என்னிடம் சொன்னார், "நீ நாலு ஒபிசுக்குச் சோறு குடுக்கிற ஆள். நல்ல புள்ள ஒண்டு கண்ணுல பட்டாச் சொல்லு புள்ள."

ஒருவன் ஏற்கெனவே கண்ணில் பட்டுத்தான் இருந்தான். ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிற பையன். பார்சல் தாளுக்குக் காசு வைக்க வேண்டாம் என்று வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவருவான். ஆணம் கொஞ்சம் கூட ஊற்றச் சொல்வான். அந்த ஒரு சோற்றை இரண்டாகப் பங்கு வைத்துப் பகலுக்குப் பாதி, இரவுக்குப் பாதி. அவனுடைய உம்மா சீனிக்கும் அவனிடம் கேட்டுத்தான் எடுப்பதாக அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அதைக் கேட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில். மகள் கல்யாணம் முடிந்தால் வீடு மகளுக்கு. மச்சான் பின்னறைக்கு. சந்தைப் பையும் அலுமாரிச் சாவியும் இந்தப் பையனின் கைக்கு. ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு அந்த மனிதர் கதவுக்குப் பின்னால் நிற்கப் போவதை நான் கண்ணாரக் காண வேண்டும்.

ராத்தாவிடம் போய், "கெட்ட பழக்கம் ஒண்டுமில்ல. வீண் செலவு தெரியாத புள்ள" என்றேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்தாச் சரிதான்" என்றார்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் விட்டுப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு மச்சானும் மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் போனில் எந்தக் கடையில் எது மலிவு என்று காட்ட, மச்சான் எந்தச் சந்தையில் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மகளும் அவருக்குப் பிறந்தவள்தானே, அவளுக்கும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. என்னைக் கண்டதும் மச்சான் முழங்கால் வலியோடு எழும்பி நின்றார்.

"வா புள்ள, வா. இப்பிடி ஒரு தங்கத்தக் கொண்டுவந்து தந்திரிக்கயே. அஞ்சு வக்துத் தொழுகையிலயும் ஒனக்குத்தான் துஆக் கேக்கன்."

 இத்தனை காலம் அந்த மனிதர் தனியாகச் சிக்கனம் பிடித்தார். இப்போது பேச்சுத் துணைக்கு ஓர் ஆளையும் நானே தேடிக் கொடுத்திருக்கிறேன். ராத்தா எங்கே என்று கேட்டேன். பின்னறையில் இருந்தார். சாவி இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு, "சோறு தின்னுத்துப் போ எண்டு சொல்ல ஏலாம இரிக்கி" என்று மெதுவாகச் சொன்னார். கன்னம் வற்றியிருந்தது.

மச்சான் மூன்று மாதத்துக்கு முன்னால் மௌத்தானார். கடைசிவரை சந்தோஷமாகத்தான் இருந்தார். ராத்தா இத்தா இருக்கிறார். கணவன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. வாங்க, எங்கட வீட்டுல இரிங்க என்று நான் கூப்பிட இருந்த வழியும் அடைபட்டது. தினமும் பகல் ஒரு பார்சல் சோறு கட்டிக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நேற்று நான் போய் உட்கார்ந்த கையோடு மருமகன் அறைக்குள் வந்தான். பார்சலைப் பிரித்து, பாதியைத் தட்டில் போட்டு ராத்தாவின் முன்னால் வைத்துவிட்டு, மீதியை மடித்துக் கையில் எடுத்தான்.

"சின்ன மாமிட பார்சல் ஒண்டு ரெண்டு நேரத்துக்குப் போகும் மாமி. கலியாணத்துக்கு முந்தியும் நான் அப்பிடித்தானே. இவங்க கண்டு கண்டு சிரிப்பாங்க" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கப் போனான். பாவம், கள்ளம் இல்லாத பிள்ளை.

ராத்தா தட்டைத் தொடவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அப்ப ஒனக்கு முன்னமே தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சிதான் கொண்டுவந்து தந்த."

"மச்சானுக்கு எண்டுதான் ராத்தா செஞ்சன். உம்மாவுக்காக."

"உம்மா எனக்கும் உம்மாதான்" என்றார் ராத்தா. "அண்டைக்கி அடுப்பப் பாத்துத்து நின்ட பாவத்த நான் இன்னும் தின்னுறன். நீ எனக்கும் சேத்தா குடுத்த?"

 ராத்தா தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். குரல் உயரவில்லை.

"மௌத்தாகக்குள்ள அவரு எண்ட கையப் புடிச்சி, எல்லாத்தையும் மன்னிச்சி ஹலாலாக்கி உடு எண்டு கேட்டாரு. அழுதாரு. உட்டுட்டன். நீ இன்னும் கேக்கல்ல."

ஒரு சொல்தான். கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கேட்டு வாங்கிக்கொண்டு போன அதே இடத்தில், அவருக்குப் பின்னால் நானும் கையை நீட்டிக்கொண்டு நிற்பதா? மனம் வரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.